பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் நீங்கள் என் மாமா

சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் கேட்காத இடத்துக்குப் போய்விட்ட என் பிரியமான மாமாவுக்கு,

மாமா என்றுதான் எழுத வருகிறது. நீங்கள் என் அப்பா என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், நம் குப்பத்தில் கடைசி வீடு வரைக்கும் தெரியும். ஆனாலும் பேச ஆரம்பித்ததிலிருந்து வாயில் ஊறிப்போன சொல், பேனாவைப் பிடித்தாலும் அதுவாகவே வந்து விழுகிறது. நாளைக்கு இந்தச் சொல்தான் என்னை மாட்டிவிடப் போகிறது.

நாளைக் காலை செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் விசாரணை. உங்களுக்கு வாரிசு யார் யார் என்று தாசில்தார் கேட்டு எழுதப் போகிறார். முதல் பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்று அம்மா என் தாவணியை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நான் சிம்னி விளக்கைத் தகரப் பெட்டிக்குப் பின்னால் இறக்கி வைத்துவிட்டு, பூகோள நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அவள் புரண்டு படுக்கும்போதெல்லாம் நோட்டை மூடிவிடுகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரிந்தால், நாளைக்குச் சொல்லவேண்டியதை மறந்துவிடுவேன் என்று விளக்கை ஊதி அணைத்துவிடுவாள்.

நீங்கள் ஆடியில் போனீர்கள். இப்போது ஐப்பசி முடியப் போகிறது. மழை பிடித்துக்கொண்டது. கடல் போன வருஷத்தைவிட ஏறி, கட்டுமரங்களை இழுத்துப் போடுகிற இடம் வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் மீன் கூடை ஏற்றுகிற லாரி இன்னும் நம் ரோட்டு முனையில் நிற்கிறது. வேறு ஒருவர் ஏறி உட்கார்ந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் போகிறார். அந்தப் பக்கம் பார்க்காமல் பள்ளிக்கூடம் போகப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சதுரங்கப்பட்டினத்துக்கு, பெரியம்மா வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். முதலில் கட்டிய மனைவி இருக்கிற வீட்டுக்குத்தான் போகவேண்டும் என்றார்கள். குழந்தை இல்லாத வீடு என்பதால் பெரியம்மாவின் அண்ணன் கோதண்டம் கொள்ளி வைத்தார். நீங்கள் கட்டியது சொந்த அக்கா மகளை, அதனால் அவர் உங்கள் அக்கா மகன், அவருக்கு உரிமை உண்டு என்றார்கள். அம்மாவும் நானும் தெருமுனையில், குடை இல்லாமல், ஊர் ஜனங்களோடு நின்றோம். யாரும் எங்களைப் போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. மஞ்சள் காமாலையில் உங்கள் முகம் எப்படி ஆகியிருந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

மாமா, இந்தச் சொல்லை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. நம் பக்கத்தில் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அம்மாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். வீட்டில் வேறு ஆள் கிடையாது. நீங்கள் வாரத்தில் மூன்று நாள் வருவீர்கள். வந்தால் “மாமா, தண்ணி மொண்டு வெச்சிகீறேன்”, “மாமா, சோறு போடட்டா?” என்று அம்மா குரல் மாறிப் பேசுவாள். வருகிற மனிதருக்கு அதுதான் பெயர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

நான் முதல்முறை கூப்பிட்டபோது நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்களாம். அம்மாவும் சிரித்தாளாம். “நைனான்னு சொல்லுமே” என்று நீங்கள் சொல்லிப் பார்த்தீர்களாம், நான் கேட்கவில்லையாம். பிறகு அம்மாதான் யோசித்துப் பார்த்து, “வுடுங்க மாமா. எவளாச்சும் கேட்டா என் கூடப்பொறந்தவன்னு நெனச்சிக்கினு போவட்டும். பேஜாரு இல்ல” என்றாளாம். அந்த ஒரு நாளில் யாராவது என்னை ஓர் அடி அடித்துத் திருத்தியிருந்தால் இன்றைக்கு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்குப் பாதி ஞாபகம், பாதி அம்மா சொன்னது. சைக்கிளில் முன்பக்கம் உட்கார்த்தி வைத்துக் கூட்டிப்போனீர்கள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தீர்கள், அதிலும் மீன் வாசனை அடித்தது. குமாஸ்தா என்னைப் பார்த்து, “பாப்பா, இவரு யாரு உனக்கு?” என்று கேட்டார். நான் பயப்படாமல், நன்றாகச் சத்தமாகச் சொன்னேன்: “எங்க மாமா!”

குமாஸ்தா உங்களைப் பார்த்தார். “அப்பா இல்லியா?” என்றார்.

“இல்ல சார்...” என்று நீங்கள் இழுத்தீர்கள். அது அப்படி இல்லை சார், நான் சொல்லுகிறேன் என்று ஆரம்பிக்கத்தான் இழுத்தீர்கள் என்று அம்மாவிடம் பிறகு சொன்னீர்களாம். அதற்குள் அவர் எழுதிவிட்டார். தந்தை: இல்லை. கார்டியன்: கன்னியப்பன். உறவு: மாமா. பின்னால் இன்னும் பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். நீங்கள் கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு, அதற்கு நேராக அழுத்திவிட்டு வந்துவிட்டீர்கள்.

ஏன் மாமா? மார்க்கெட்டில் அவ்வளவு பேருக்கு நடுவில் நின்று ஏலம் கூவுகிற தொண்டை, ஒரு மேஜைக்கு முன்னால் ஏன் அடைத்துக்கொண்டது? கோபமாகக் கேட்கவில்லை. கொஞ்சம் கோபம்தான். ஆனால் உங்களைவிட நான் எந்த விதத்திலும் தைரியசாலி இல்லை என்று போன வாரம் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லவேண்டும். உங்கள் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, கோதண்டம் நம் வீட்டுக்கு வந்தார். செருப்போடு உள்ளே வந்து, சுவருக்குச் சுவர் காலடி வைத்து அளந்தார். கல்பாக்கம் பக்கம் அணுமின் நிலைய வேலை நடப்பதால் ரோட்டோர மனைக்கெல்லாம் இப்போது கிராக்கியாம். பட்டா உங்கள் பெயரில், உங்கள் உழைப்பில் கட்டிய வீடு. உங்களுக்கு வாரிசு அவர் தங்கச்சி ஒருத்திதானாம்.

“ஏமே அஞ்சல” என்றார் அம்மாவைப் பார்த்து. “பொங்கலுக்கு நான் இங்க வெள்ளையடிக்கணும். சட்டி பானை இன்னா கீதோ, இப்பவே மூட்ட கட்டி வெச்சிக்க.”

“நான் எங்க போவேன்?” என்றாள் அம்மா.

“வந்த எடத்துக்கு. எந்தக் கூடைய தூக்கிக்கினு வந்தியோ, அத்தையே தூக்கிக்கினு.”

போகும்போது பின்கட்டில் நீங்கள் மீன் கூடைகளும் கயிறும் வைக்கிற கொட்டகைக்கு ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனார். அது இன்னும் தொங்குகிறது. காற்றடித்தால் தகரக் கதவில் மோதிச் சத்தம் போடுகிறது. யாரோ தட்டுகிற மாதிரியே இருக்கிறது மாமா. இப்போதும் சத்தம் கேட்கிறது.

அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டில் ஒரு வக்கீல் வீட்டுக்குப் போனாள். வக்கீலைப் பார்க்க முடியவில்லை, அவருடைய குமாஸ்தாதான் பேசினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏம்மா, மொதல் சம்சாரம் உயிரோட இருக்கறப்ப நடந்த ரெண்டாங் கல்யாணம் செல்லாது. அதனால அந்த வீட்டுல ஒரு செங்கல்கூட உனக்குக் கெடையாது” என்றார்.

“இன்னா சார் இப்டி சொல்றீங்க? திருப்போரூர் கொளத்தாண்ட ஐயர வெச்சி மஞ்சக்கயிறு கட்னாரு சார். எங்கக்கா வூட்டுக்காரரு பக்கத்துலயே நின்னுகினு இருந்தாரு.”

“கட்டினது நல்லதாப் போச்சு. சும்மா சேர்ந்து இருந்திருந்தா இந்தப் பொண்ணுக்கும் வழி இல்ல. போன வருஷம் சட்டத்தைத் திருத்திட்டாங்க. செல்லாத கல்யாணத்துல பொறந்திருந்தாலும் புள்ளை புள்ளைதான். அப்பன் தானா சம்பாதிச்ச சொத்துல அதுக்குப் பங்கு உண்டு.”

“கல்யாணம் செல்லாது, அதுல பொறந்த புள்ள மட்டும் செல்லும். செல்லாத நோட்டுக்கு எந்தக் கடையில சார் சில்லற தர்றான்?” என்றாள் அம்மா.

குமாஸ்தா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். நீங்கள் போன பிறகு நாங்கள் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான். பிறகு அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஆனா ஒண்ணு. அந்த ஆளுதான் அப்பன்னு ஊர்ஜிதம் ஆகணும். பொறப்பு சர்டிபிகேட் இருக்கா?”

“வூட்லயே பொறந்துச்சி சார்.”

“சரி, ஸ்கூல் ரிக்கார்டு?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு உங்கள் வீட்டில் பங்கே கிடையாது. எனக்கு உண்டு என்றால் பெரியம்மாவுக்குப் பாதி, எனக்குப் பாதி. அந்தப் பாதியில்தான் அம்மா படுத்துத் தூங்கவேண்டும். எனக்கு இல்லை என்று ஆகிவிட்டால் பொங்கலுக்கு நாங்கள் இரண்டு பேரும் ரோட்டில். பதினைந்து வயதில் இவ்வளவு பெரிய பாரத்தை ஏன் என் வாயில் வைத்தார்கள்?

மனு கொடுத்தோம். போன வாரம் செவ்வாய்க்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஊர்க் கர்ணத்தோடு நம் வீட்டுக்கே விசாரிக்க வந்தார். எதிர்வீட்டிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டோம். கோதண்டம் தூணில் சாய்ந்து நின்றார். குப்பத்து ஜனம் பாதி வாசலில் நின்றது. அம்மா எனக்கு முதல்நாளே சொல்லியிருந்தாள், அப்பா என்று சொல், அப்பா என்று சொல் என்று. நான் தலையை ஆட்டியிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் நல்லவர் மாதிரிதான் இருந்தார். என் பெயர், வகுப்பு எல்லாம் கேட்டார். பிறகு பேனாவைத் திறந்துகொண்டு, “செத்துப்போன கன்னியப்பன் உனக்கு என்னம்மா வேணும்?” என்றார்.

“மாமா சார்” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. திரும்ப வாயைத் திறப்பதற்குள் கோதண்டம் கையைத் தட்டிவிட்டார்.

“கேட்டுக்கினீங்களா சார்? புள்ள வாயாலயே சொல்லிட்ச்சி! எனுக்குந்தான் மாமா அவரு. என் தம்பிக்கு மாமா. எங்க தெருவுல பாதிப் பேருக்கு மாமா. அப்ப நாங்கல்லாம் வாரிசா? எழுதிக்குங்க சார், வரிசையா நிக்கிறோம்!”

வாசலில் எல்லாரும் சிரித்தார்கள். கர்ணம்கூடச் சிரித்தார். இன்ஸ்பெக்டர், “சும்மா இருங்கய்யா” என்று அதட்டிவிட்டு, நான் சொன்னதை எழுதினார். “ஸ்கூல் ரிஜிஸ்தர்லயும் அப்படித்தானே போட்டிருக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பைலை மூடினார். தாசில்தார் முன்னால் இன்னொரு முறை கேட்பார்கள், அதுதான் கடைசி, அதிலும் பெயர் வராவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும், அது எத்தனை வருஷமோ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று சுவரோரம் ஒடுங்கி நின்றேன். அவள் நாற்காலியைத் துடைத்து எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, மீன் கழுவ உட்கார்ந்தாள். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் அவள் மட்டும் வக்கீல் குமாஸ்தாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பயத்தில் உளறிவிட்டேன், எப்போதும் அப்பா என்றுதான் கூப்பிடுவேன் என்று நான் சொல்லவேண்டுமாம். மாமா என்ற சொல்லே வாயில் வரக்கூடாதாம்.

அன்றிலிருந்து சொல்லிப் பழகுகிறேன். சாயங்காலம் கரையில், ஏற்றிப் போட்ட மரங்களுக்குப் பின்னால் நின்று, அப்பா அப்பா அப்பா என்று சொல்லிப் பார்க்கிறேன். நம் குப்பத்தில் யார் அப்பா என்கிறார்கள்? நைனா என்பார்கள். அப்பா என்று சொன்னால் ரேடியோ நாடகத்தில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. பத்துத் தடவை சொன்னால் பதினோராவது தடவை மாமா என்று வருகிறது.

எதிர்வீட்டு ராணி பார்த்துவிட்டாள். “இன்னாடி தனியா பேசிக்கினு கீற?”

“மனப்பாடம் பண்றேன்.”

“இன்னா, செய்யுளா?”

“இல்ல. ஒரே ஒரு வார்த்த.”

“ஒரு வார்த்தைக்கா இம்மா நேரம்? நீ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ண மாதிரிதான், போ.”

ராணியைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். போன வருஷம் நீங்கள் எனக்கு ரிப்பன் வாங்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தீர்கள் இல்லையா? நீங்கள் போன பிறகு வகுப்பில் ஒரு பெண், “ஒன் மாமா ரிப்பன்லாம் வாங்கியாறாரு. அவரையே கட்டிக்கப் போறியாடி?” என்று கேட்டாள். மாமாவைக் கட்டிக்கொள்வது நம் பக்கத்தில் நடக்கிறதுதானே. எல்லாரும் சிரித்தார்கள். ராணி மட்டும், “வாய மூடுடி, அவரு அவளோட...” என்று ஆரம்பித்தாள். நான் அவள் கையைக் கிள்ளி நிறுத்திவிட்டேன். அன்றைக்கும் சொல்லவிடாமல் தடுத்தது நான்தான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்கு வராதீர்கள் என்று உங்களிடம் சொன்னேன். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்கள் என்ன நினைத்துக்கொண்டீர்கள்?

இனிமேல் எழுதப்போவது அம்மாவுக்குப் பிடிக்காது. முந்தாநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, பஸ் நிற்கிற இடத்தில் சவுக்கு மரத்தடியில் பெரியம்மா நின்றுகொண்டிருந்தார். தூறல் போட்டது. முக்காடு போட்டிருந்தார். எனக்கு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. அதற்குள் அவரே கிட்டே வந்துவிட்டார்.

“நீதான அஞ்சல பொண்ணு?” என்றார்.

“ஆமா பெரிம்மா.”

“யாருக்கு யாரு பெரிம்மா?” என்று வெடுக்கென்று சொன்னார். பிறகு, “சரி, கூப்டுக்க. வேற இன்னான்னு கூப்டுவ” என்றார். “ஆபீசுல இன்னா சொல்லப் போற?” என்று கேட்டார்.

நான் நோட்டுகளை நனையாமல் தாவணிக்குள் இழுத்துக்கொண்டேன்.

“அப்பான்னு சொல்லச் சொல்லி குட்த்திருப்பாங்களே. சொல்லாத. ஒனுக்கு வராது. மூஞ்சிலயே தெரிஞ்சிடும், பொய்யின்னு. அப்பறம் நீ சொல்ற நெசமும் பொய்யாப்பூடும்.” முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “மாமான்னு கூப்ட்டா இன்னா இப்ப? நான் பொறந்ததுலேர்ந்து மாமான்னேன். கட்டிக்கினு வந்தப்பறமும் மாமான்னேன். எங்கண்ணன் மாமான்றான். அந்த ஆள ஊரே மாமான்னுதான் கூப்ட்டுச்சி. அவரு ஒன்ன இன்னான்னு கூப்டுவாரு? அத்த சொல்லு.”

“மவளேன்னு” என்றேன்.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “எங்கூட்ல ஒக்காந்து சோறு துன்னுகினே சொல்வாரு, எம்மவ கணக்குல நூறு வாங்கிகீறான்னு. வயிறு எரியும் எனுக்கு. ஒருவாட்டி சொம்ப எட்த்து வீசிட்டேன். இங்க பட்டுச்சி” என்று தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். உங்கள் நெற்றியில் இருந்த தழும்பு லாரிக் கதவில் இடித்தது என்று எங்களிடம் சொன்னீர்களே மாமா.

“எங்கண்ணன மருமவனேம்பாரு. ஒன்ன மவளேம்பாரு. எனுக்கும் காது கீது, கேட்டுக்கினுதான் இருந்தேன்” என்றார்.

“நீங்க இத்த ஆபீசுல சொல்வீங்களா பெரிம்மா?”

அவர் ரோட்டையே பார்த்தார். “அண்ணன் வூட்லதான் சோறு துன்றேன். அவன் பக்கத்துலயே நிப்பான். கேட்டா என் வாயில இன்னா வரும்னு எனுக்கே தெரியல. பயமா கீது பொண்ணே.” பஸ் வந்தது. ஏறும்போது, “நான் வந்தத ஒங்கம்மாகிட்ட சொல்லாத” என்றார்.

சொல்லிவிட்டேன். மறைக்கத் தெரியவில்லை. அம்மா கொதித்துவிட்டாள். “அவ எதுக்கு வந்தா? கோதண்டம் அனுப்பிகீறான். மாமான்னு நீ இன்னொருவாட்டி சொல்லிட்டா கத முடிஞ்சிதுன்னு அவனுக்குத் தெரியும். குழி வெட்டி வெச்சிட்டு கூப்டறாங்க, நீ போய் வுழப் போறியா?” என்றாள். இருக்குமோ? ஆனால் சொம்பை வீசியதைப் பெரியம்மா தானாகவே சொன்னார். குழி வெட்ட வந்தவர் அதைச் சொல்லுவாரா? உங்களுக்கு அவரைத் தெரியும். இருபது வருஷம் அவரோடு இருந்தீர்கள். எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது எழுதும்போதுதான் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அக்கா பிள்ளையை நீங்கள் மருமவனே என்றீர்கள். நீங்கள் எனக்குத் தாய்மாமன் என்றால் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டிருக்கவேண்டும்? மருமவளே என்றுதானே? எந்த மாமனாவது அக்கா பெண்ணை மவளே என்பானா? முறை மாறிக் கூப்பிட்டால் ஊர் சும்மா விடுமா? நான் சின்னப் பிள்ளை, தெரியாமல் தப்பாகக் கூப்பிட்டேன். நீங்கள் பெரியவர், முறை தெரிந்தவர். நீங்கள் ஒரு நாளும் தப்பாகக் கூப்பிடவில்லை.

லாரியிலிருந்து இறங்கும்போதே ரோட்டு முனையிலிருந்து கத்துவீர்கள். டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். மெதுவாகக் கூப்பிடுங்கள் என்று நான் ஒருதடவை சண்டை போட்டேன். “இன்னாத்துக்கு மெதுவா? எம்மவள நான் கூப்டறேன், எவனுக்கு இன்னா?” என்றீர்கள். அந்த மேஜைக்கு முன்னால் வராத சத்தம் எல்லாம் ரோட்டில் வந்துவிட்டது போலிருக்கிறது.

ஆனால் பயம் போகவில்லை. யாரோ வீட்டுச் சின்னப் பெண்ணைக்கூட மவளே என்று கூப்பிடுவதுதானே என்று கோதண்டம் சொல்லலாம். சொல்லுவார். தாசில்தார் ரிஜிஸ்தரைத்தான் நம்புவேன், செத்தவர் சத்தத்தை எப்படி நம்புவது என்று கேட்கலாம். குப்பத்து ஜனம் உங்கள் குரலைக் கேட்டது உண்மை. அதைக் கோதண்டத்தின் எதிரில் நின்று சொல்ல ஒருவராவது வருவார்களா? ராணியின் அம்மா வருகிறேன் என்றாள், பிறகு காய்ச்சல் என்றாள். டீக்கடைக்காரரிடம் அம்மா இன்று மத்தியானம் கேட்டாள். பார்க்கலாம் என்றாராம். பெரியம்மா என்ன சொல்லுவாரோ, அது அவருக்கே தெரியாது.

அம்மா சொல்லிக்கொடுத்தபடி அப்பா என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடுமா என்றும் யோசித்தேன். முடியாது மாமா. என் நாக்கு எனக்குத் தெரியும். நடுவில் ஒரு தடவை தவறும். அதற்காகவே கோதண்டம் கையைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார். அப்புறம் நீங்கள் கூப்பிட்டதும் சேர்ந்து பொய்யாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

அதனால் அம்மாவிடம் சொல்லாமல் ஒன்று முடிவு பண்ணியிருக்கிறேன். நாளைக்குத் தாசில்தார் கேட்டால் இப்படிச் சொல்லப் போகிறேன்: “நான் அவர மாமான்னு கூப்ட்டேன் சார். அவரு என்ன மவளேன்னு கூப்ட்டாரு. ரெண்டையும் எழுதிக்குங்க சார்.”

இது போதுமா என்று எனக்குத் தெரியாது. வீடு இருக்குமா, பொங்கலுக்கு எங்கே இருப்போம், இதைக் கேட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்துவிடுவாளா, எதுவும் தெரியாது. அம்மா இப்போது இருமினாள். எழுந்துவிடப் போகிறாள்.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். நாளைக்கு அந்த மேஜைக்கு முன்னால் எனக்கு அழுகை வரும். பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், இரண்டையும் முழுசாகச் சொல்லி முடித்த பிறகுதான் அழுவேன்.

பயத்தோடு,
உங்கள் மகள்
மல்லிகா